கூரைக்கும் பேர் போடு

மேல்கணக்கு லயம்,
லிந்துலை.
21.01.2024

அன்புத் தம்பி மதுசூதனனுக்கு,

அக்கா சீதாலெட்சுமி எழுதுவது. இங்கே என் முட்டிவலியைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். நீயும் ரஜிதாவும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு வாந்தி நின்றதா? பொங்கலுக்கு வருவீர்கள் என்று இரண்டு பேருக்குச் சேர்த்துப் பொங்கி, நானே மூன்று நாள் தின்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கத்தினாய், நானும் கத்தினேன். யார் முதலில் கட் பண்ணியது என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. அதனால்தான் கடிதம். எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் கையிலேயே போய்விடும். நீயும் எழுது. ஆனால் தோட்டத்து முகவரிக்குப் போடாதே. தோட்டத்துத் தபால் முழுவதும் ஆபீஸ் வழியாகத்தான் வரும், அங்கே கிளாக்கர் ஐயா வாசித்த பிறகுதான் நமக்கு. டவுனில் வீரய்யா கடைக்கு அனுப்பு.

விஷயத்துக்கு வருகிறேன். நீ வேலை செய்கிற சோலர் கொம்பனி, தோட்டத்து ஃபெக்டரிக் கூரையிலும் எங்கள் லயத்து வீட்டுக் கூரைகளிலும் தகடு பொருத்தப் போகிறது. ஓட்டைத் தகரத்தைக் கழற்றிவிட்டுப் புதுத் தகரம் போடுவார்கள், அதற்கு வீட்டுக்கு ஒரு கையெழுத்து. அந்தப் பேப்பரை நம் பக்கத்து வீட்டு ராக்காயியின் மகள் வாசித்துச் சொன்னாள். நாங்கள் குடியிருக்கும் இந்தக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், இருபது வருஷத்துக்குக் கூரையைப் பற்றி நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. இந்த வீட்டுக்கு உறுதிப் பத்திரம் கேட்டு அப்பா எழுதிக் கொடுத்தார். அவர் போன பிறகு நான் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது என் கையாலேயே, ஐயா இது உங்கள் வீடு என்று எழுதித் தரவா?

சூரியன் மேல் எனக்குக் கோபமில்லை. டீசல் இல்லாமல் ஃபெக்டரி நின்று, பறித்த கொழுந்து கண்ணெதிரே கறுத்துப் போன வருஷத்தை நான் மறக்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது இரண்டே விஷயம். என் தலைக்கு மேல் விளையும் கரண்ட் யாருக்குப் போகும்? மழைக்காலத்தில் கரண்ட் நின்றால், அந்தத் தகடு என் வீட்டு பல்பை எரிக்குமா?

ரஜிதாவைப் படிக்கட்டில் பார்த்து நடக்கச் சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா

---

வத்தளை
02.02.2024

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ரஜிதாவுக்கு வாந்தி நின்றுவிட்டது, இப்போது நாள் முழுக்க மாங்காய் கேட்கிறாள். உங்கள் முட்டிக்கு நல்லெண்ணெய் தேய்க்கிறீர்களா?

அக்கா, நான் அந்தத் தோட்டத்துப் பிள்ளை. உங்களுக்குக் கெடுதல் செய்ய வருவேனா? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். தேயிலை விலை நம் கையில் இல்லை. ஆனால் ஃபெக்டரியின் கரண்ட் பில்லும், ஜெனரேட்டருக்கு ஊற்றுகிற டீசலும் வருஷா வருஷம் ஏறுகிறது. டீசல் கப்பலில் வர வேண்டும், கப்பலுக்கு டொலர் வேண்டும். வெயிலுக்கு அதெல்லாம் வேண்டாம். பகலில் ஃபெக்டரி ஓடுவதற்குப் போக மிஞ்சும் கரண்டை மின்சார சபைக்கு விற்கலாம். தோட்டம் பிழைத்தால்தான் வேலை பிழைக்கும்.

ஆரம்பச் செலவுதான் பெரியது. பேங்க் கடன் கொடுக்க வேண்டுமானால், இருபது வருஷத்துக்குக் கூரை கைவிட்டுப் போகாது என்று எழுத்தில் கேட்கிறார்கள். அதற்குத்தான் அந்தப் பேப்பர். வேறு உள்நோக்கம் இல்லை. ஒழுகாத கூரை சும்மா கிடைக்கிறது. மழைக்கு எத்தனை சட்டி வைத்திருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

பேங்குக்கும் கொம்பனிக்கும் அவசரம். எனக்கும் கொஞ்சம் அவசரம்தான்.

அன்புடன்,
மதுசூதனன்

---

லிந்துலை
12.02.2024

அன்புத் தம்பிக்கு,

நல்லெண்ணெய் தேய்க்கிறேன். முட்டியும் உன்னைப் போலத்தான், நல்லபடியாகத் தடவினாலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மாங்காய் கேட்டால் வாங்கிக் கொடு, விலை பார்க்காதே.

நீ எழுதியதை நம் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து ராக்காயிக்கும் மற்றப் பெண்களுக்கும் வாசித்தேன். டீசல் கதை எல்லாருக்கும் புரிந்தது. நியாயம் என்றார்கள். மிஞ்சும் கரண்டை விற்பார்கள் என்ற இடத்தில்தான் ராக்காயி, "அங்க நிறுத்துக்கா, திரும்ப வாசி" என்றாள். வாசித்தேன். "நம்ம கூரையில வெளையறத வித்துட்டு, நம்ம வீட்டு பில்ல நம்மகிட்டயே வாங்குவாங்களா?" என்று கேட்டாள். நீயே அவளுக்குப் பதில் எழுது.

போன வாரம் நல்ல மழை. குறித்த கிலோவுக்கு ஒரு கிலோ குறைவாகப் பறித்தேன். கொழுந்து நிறுக்க வந்த நம் கண்டாக்கு ஐயா தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அரைப்பேருதான்" என்று எழுதிவிட்டார். நாள் முழுக்க அட்டைக்கடியில் நின்றவளுக்கு அரைநாள் சம்பளம். சரி, அது அவர்கள் சட்டம். வேலைக்குத் தக்கபடி பேர் போடுவதுதான் தோட்டத்துச் சட்டமென்றால், என் கூரையும் காலையிலிருந்து பொழுது சாயும் வரை வெயிலில் கிடந்து கரண்ட் பறிக்கப் போகிறதே, அதற்கு யார் பேர் போடுவது? கூரைக்கும் பேர் போடச் சொல் உன் கொம்பனியிடம். பணமாக வேண்டாம், வீட்டு பில்லில் கழித்தால் போதும். அந்தப் பேப்பரில் வீடு தோட்டத்துக்குச் சொந்தம் என்ற வரியை அடிக்கச் சொல். அடுத்த நாளே கையெழுத்து.

நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. கரண்ட் நின்றால் என் வீட்டு பல்பு எரியுமா? மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா

---

வத்தளை
10.03.2024

அன்பின் அக்காவுக்கு,

வேலை அதிகம், அதுதான் தாமதம். முட்டிக்கு ஒரு தைலம் வீரய்யா அண்ணனின் லொறிக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். காலையும் மாலையும் பூசுங்கள்.

நீங்கள் சொன்னதை மேலே சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறார்கள். முதலில் கையெழுத்து வைத்துவிட்டால் பிறகு பேசிக்கொள்ளலாம். நீங்கள் தோட்டத்து மாதர் தலைவி. நீங்கள் வைத்தால் மற்றவர்களும் வைப்பார்கள்.

ரஜிதா உங்களை விசாரித்தாள். சித்திரை வருஷப் பிறப்புக்கு வரப் பார்க்கிறோம்.

அன்புடன்,
மதுசூதனன்

---

லிந்துலை
18.03.2024

மதுசூதனனுக்கு,

நான் சுகமில்லை. நீ சுகமாக இருப்பாய்.

இன்று காலை பெரட்டுக்குப் போனேன். வேலைக்குப் பிரித்து விடுகிற அந்தக் களத்தில் நம் மேல்கணக்கு ஆட்கள் மொத்தமும் கொழுந்துக் கூடையோடு நிற்கிறார்கள். கண்டாக்கு ஐயா கையில் பேப்பர்க் கட்டோடு வந்தார். "ஏன் எல்லாரும் இழுத்தடிக்கிறீங்க? உங்க தலைவி வீடே மொத வீடா சம்மதிச்சாச்சு. அவங்க தம்பியே கொழும்புல தொரைகிட்ட வாக்குக் குடுத்துட்டாரு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாக் கண்ணும் என் மேல். ஒரு மாதமாக வீடு வீடாகப் போய், கையெழுத்து வைக்காதீர்கள் என்று சொன்னவள் நான். அதை உனக்கு எழுதவில்லை, வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நீ அந்தக் கொம்பனிச் சோறு தின்கிறவன், உனக்குச் சங்கடம் வேண்டாம் என்று பார்த்தேன். நான் உனக்காக மறைத்தேன். நீ என்னிடமே மறைத்தாய்.

"நான் சம்மதிக்கல" என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. ராக்காயி தன் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு நிரைக்குப் போய்விட்டாள். மலையில் பக்கத்து நிரைக்காரி பேசாத ஒரு நாள் எவ்வளவு நீளம் என்று உனக்கு மறந்திருக்கும். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற பீலியில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. "தம்பிக்கு வேல நிரந்தரமாகுதாம்ல" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

உண்மையா?

அப்பா செத்த பிறகு அந்தக் காம்பராவில் விளக்கு ஏற்றுவது நான். ஒழுகும் இடத்தில் சட்டி வைப்பது நான். வாக்குக் கொடுக்க மட்டும் நீயா? பெரிய மனிதர் ஆகிவிட்டாய்.

தைலம் வந்தது. திறக்கவில்லை.

சீதாலெட்சுமி

---

வத்தளை
23.03.2024

அன்பின் அக்காவுக்கு,

நான் பேப்பரில் கையெழுத்து எதுவும் வைக்கவில்லை, அக்கா. தோட்டத்துத் துரை எங்கள் ஆபீஸுக்கு வந்தபோது கேட்டார். "எங்க வீடு பிரச்சின இல்ல, சேர்" என்று வாயால் சொன்னேன். அது பெரட்டு வரைக்கும் வரும் என்று நினைக்கவில்லை. நம் வீடுதானே, அக்கா என்னை விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

வேலை விஷயம் உண்மைதான். லயம் முழுவதும் கையெழுத்து வந்தால் என்னை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ரஜிதாவுக்கு ஜூலையில் பிரசவம். வாடகை வீடு. வேறு என்ன சொல்ல?

ஏசியாவது ஒரு கடிதம் எழுதுங்கள்.

மதுசூதனன்

---

லிந்துலை
20.04.2024

தம்பிக்கு,

வருஷப் பிறப்புக்கு நீ வரவில்லை. நல்லது, வந்திருந்தால் சோறு போட்டிருப்பேன், பேசியிருக்க மாட்டேன். ரஜிதா சுகமா? அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை.

ஏச வேண்டும் என்று ஒரு மாதம் யோசித்தேன். அதற்குள் வேறு வேலை வந்துவிட்டது.

புதன்கிழமை உன் கொம்பனிப் பையன்கள் மூன்று பேர் லொறியில் வந்தார்கள். "சம்மதிச்ச வீட்டுல ஆரம்பிப்போம்" என்று கண்டாக்கு ஐயா நம் வீட்டைக் காட்டினார். பையன்கள் ஏணியைச் சாத்தினார்கள். சாத்திவிட்டு ஆணி எடுக்க லொறிக்குப் போனார்கள். நான் அந்த ஏணியிலேயே ஏறிவிட்டேன்.

முட்டி என்ன பாடு பட்டது என்று கேட்காதே. தகரம் பறக்காமலிருக்க அப்பா வைத்த கல்லில் ஒன்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தேன். திரும்பி வந்த பையன் அண்ணாந்து பார்த்து, "அக்கே, பஹின்ன" என்றான். சிங்களத்தில் இறங்கச் சொல்கிறான், பாவம், மரியாதையாகத்தான் சொன்னான். அவன் மேல் என்ன கோபம்? கண்டாக்கு ஐயா வந்து, "என்னா புள்ள கூத்து இது, எறங்கு" என்றார்.

"நான் சம்மதிக்கலேன்னு பெரட்டுல சொன்னேன். உங்களுக்குக் கேக்கல. உசரத்துல இருந்து சொன்னா கேக்கும்னு ஏறிட்டேன், ஐயா."

"இன்னைக்குப் பேரு போட மாட்டேன்."

"எனக்குப் போட வேணாம். கூரைக்குப் போடுங்க."

"கூரைக்கு எவனாவது பேரு போடுவானா?"

"அப்ப கூரைய விட்டுட்டுப் போங்க."

வெயில் ஏறியது. தகரம் சுட்டது. கீழே ஒருத்தி வந்து நின்றாள். ராக்காயி. இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்து, சுருட்டி, மேலே எறிந்தாள். "விரிச்சு ஒக்காருக்கா, சுடும்" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கூரை மேல் உட்கார்ந்து அழுதால் கீழே இருப்பவர்கள் பயந்துவிட்டேன் என்று நினைப்பார்களே, அதனால் சிரித்தேன்.

பிறகு அதே ஏணியை ராக்காயி தன் வீட்டுக்குச் சாத்தினாள். அங்கிருந்து அடுத்த வீட்டுக்குப் போனது. மத்தியானத்துக்குள் வீட்டுக்கு ஒருத்தி கூரை மேல். சோற்றைக் கூடையில் கட்டி மேலே இழுத்தோம். இளவட்டங்கள் போனில் படம் எடுத்தார்கள். இருட்டும் போது லொறி போய்விட்டது, அவசரத்தில் ஏணியை விட்டுவிட்டுப் போனார்கள்.

தைலத்தைத் திறந்துவிட்டேன். ஏணி ஏறினால் தேவைப்படுகிறது.

இன்னொரு தரம் கேட்கிறேன். கரண்ட் நின்றால் பல்பு எரியுமா?

அக்கா

---

வத்தளை
28.04.2024

அன்பின் அக்காவுக்கு,

ரஜிதா சுகம். உங்கள் கடிதத்தை அவள்தான் முதலில் வாசித்தாள், இரண்டு முறை.

எரியாது, அக்கா.

மெயின் லைனில் கரண்ட் நின்றால் இந்தத் தகடுகளும் தானாக நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்கிறவனுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி அமைப்பார்கள், அது சரியான அமைப்புத்தான். பெட்டரி வைத்துத் தனியாக இணைத்தால் கரண்ட் நின்றாலும் எரியும். அந்தத் திட்டத்தில் பெட்டரிக்குக் காசு ஒதுக்கவில்லை. ஃபெக்டரிக்கும் இல்லை. பெட்டரி வைத்தால் போட்ட முதல் திரும்ப இன்னும் பல வருஷம் ஆகும். பகலில் விளைவதை உடனே விற்றால்தான் லாபம். ஃபெக்டரிக்கு ஜெனரேட்டர் இருக்கிறது. லயத்துக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள், எனக்குப் பதில் தெரியும், நான் எழுதவில்லை. எழுதினால் நீங்கள் கையெழுத்து வைக்க மாட்டீர்கள் என்பதும் தெரியும்.

நீங்கள் கூரையில் உட்கார்ந்திருக்கும் படம் எங்கள் ஆபீஸ் வரைக்கும் வந்தது. பெரியவர் அதை எல்லாருக்கும் காட்டி, இந்தப் பைத்தியம் யார் என்று கேட்டார். சிரித்தார்கள். "எங்க அக்கா" என்றேன். பெரியவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது, அக்கா. உங்களை நினைத்து இல்லை.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

மதுசூதனன்

---

லிந்துலை
06.05.2024

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம்.

பெரட்டில் விழுந்த சொல்லைப் பெரட்டில்தான் திரும்ப எடுக்க வேண்டும். கடிதத்தில் எடுத்தால் அது நமக்குள். வந்து சொல். ஒரு நாள் முந்தியே வந்துவிடு, காலைப் பெரட்டுக்கு முதல் பஸ் நேரத்துக்கு வராது. ரஜிதாவைக் கேட்டுவிட்டு வா. அவளும் பிள்ளையும் சேர்ந்து தாங்க வேண்டிய விஷயம் இது. அவள் வேண்டாம் என்றால் வராதே, அக்கா வருத்தப்பட மாட்டேன்.

வருத்தப்படுவேன். ஆனால் ஏச மாட்டேன்.

அக்கா

---

வத்தளை
02.06.2024

அன்பின் அக்காவுக்கு,

அன்றைக்குத் தோட்டத்திலிருந்து சுகமாக வந்து சேர்ந்தோம், எழுதத்தான் தாமதமாகிவிட்டது. பஸ்ஸில் ரஜிதா வழியெல்லாம் உங்கள் கூரைக் கதையைப் பக்கத்து சீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

பெரட்டில் பேசும்போது உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சொல்ல வந்தது மறந்திருக்கும். "எங்க அக்கா சம்மதிக்கல. அவங்கள கேக்காம நான்தான் வாக்குக் குடுத்தேன். கரண்ட் நின்னா இந்தத் தகடு உங்க வீட்டு பல்ப எரிக்காது" என்ற மூன்று விஷயத்தைத்தான் இரவெல்லாம் பாடமாக்கியிருந்தேன். சொல்லி முடித்ததும் ராக்காயி அக்கா, "சத்தமா சொல்லு தம்பி, பின்னால கேக்கல" என்றார்களே, அதுதான் பயங்கரம். இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தைவிடக் கஷ்டம்.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. எதிர்பார்த்ததுதான். இங்கே ஒரு வயரிங் கடையில் சேர்ந்துவிட்டேன். சம்பளம் குறைவு, நிம்மதி கொஞ்சம் கூட. உங்கள் தோட்டத்தில் இப்போதைக்கு ஃபெக்டரிக் கூரையில் மட்டும் பொருத்துகிறார்கள்.

கோயில் மண்டபத்துக் கூரையைப் பற்றிக் கேட்டீர்கள். அது நம் ஆட்கள் சம்பளத்தில் பிடித்துக் கொடுத்துக் கட்டிய மண்டபம், தோட்டம் ஒரு ஆணியும் தரவில்லை. தாராளமாகப் போடலாம். நாலு தகடு, ஒரு பெட்டரி போதும். மரண உதவிச் சங்கத்துக் காசை எடுப்பதாகக் கூட்டத்தில் முடிவானதை ராக்காயி அக்கா போனில் சொன்னார்கள். செத்தால் பந்தல் போடுகிற காசு, உசுரோட இருக்கும்போதே வெளிச்சம் போடட்டும் என்றார்களாம். அடுத்த ஞாயிறு சாமான்களோடு வருகிறேன். கூலி வேண்டாம், கருவாட்டுக் குழம்பு வையுங்கள்.

ஏணி தேடட்டுமா?

அன்புடன்,
மதுசூதனன்

---

லிந்துலை
17.07.2024

அன்புத் தம்பிக்கும் ரஜிதாவுக்கும்,

மகள் பிறந்த செய்தி வீரய்யா கடையில் கிடைத்தது. கடையிலேயே எல்லாருக்கும் டொஃபி வாங்கிக் கொடுத்துவிட்டேன். மூக்கு யாரைப் போல? உன்னைப் போல என்றால் பரவாயில்லை, பிடிவாதம் என்னைப் போல இருந்தால் போதும். ரஜிதாவுக்குப் பத்தியச் சாமான்கள் லொறியில் வருகிறது.

உடனே வந்து பார்க்க முடியவில்லை, காரணம் கேள். போன வெள்ளி பிடித்த காற்று மூன்று நாள் விடவில்லை. சவுக்கு மரங்கள் சாய்ந்து கரண்ட் கம்பி அறுந்தது. ரோட்டில் மண் சரிந்து டீசல் லொறி ஏறவில்லை. ஜெனரேட்டரில் இருந்த டீசல் முதல் நாளோடு சரி. ஃபெக்டரி நின்றது, பங்களா இருட்டு, ஆபீஸ் இருட்டு. ஞாயிறு பகலில் வெயில்கூட எட்டிப் பார்த்தது. ஃபெக்டரிக் கூரையில் உன் பழைய கொம்பனித் தகடெல்லாம் வெயிலில் பளபளவென்று சும்மா கிடந்தது. நீ எழுதியது அப்படியே.

நம் கோயில் மண்டபம் மட்டும் எரிந்தது, தம்பி. மழை மூட்டத்தில் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் எரிந்தது. பிள்ளைகள் அங்கே படித்தார்கள், கைப்பிள்ளைக்காரிகள் அங்கே படுத்தார்கள். நீ வைத்த பலகையில் போன் சார்ஜ் போட வரிசை. வரிசைக்குப் பொறுப்பு ராக்காயியும் நானும்.

அந்த ஏணியைக் கேட்டு உன் பழைய கொம்பனி ஆள் அனுப்பியது. கோயில் வேலையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருஷம் லயத்துக் கூரைக்கு மறுபடி வருவார்களாம். வரட்டும். எங்கள் பேப்பரை நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம், கூரைக்கு மாதம் என்ன பேர் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. கையெழுத்து வைக்க வேண்டியவர்கள் அவர்கள்.

ஞாயிறு சாயங்காலம் கண்டாக்கு ஐயா குடையோடு மண்டபத்துக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார், சாமியைக் கும்பிட்டார், எங்களையும் பார்த்துச் சிரித்தார். "போன் செத்துப் போச்சும்மா. தொரை கொழும்புல இருந்து கூப்பிடுவாரு" என்றார். அம்மாவாம். நான் கூரையில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு அந்த அம்மா எங்கே போனாளோ.

"வரிசையில வாங்க, ஐயா" என்றாள் ராக்காயி. வந்தார். அதற்கு ஒன்றும் சொல்லக் கூடாது, முணுமுணுக்காமல் நின்றார். அவர் முறை வந்ததும் போனை வாங்கிச் செருகினேன். பக்கத்தில் உட்காரச் சொல்லித் தேத்தண்ணியும் கொடுத்தேன்.

பாதி ஏறியதும் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

"முழுசா ஏறலியேம்மா."

"காலையில இருந்து வெயில் கொறைவு, ஐயா. அரைப்பேருதான்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. அவரும் சிரித்தார், வேறு என்ன செய்வார். குடையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்று, "நாளைக்கு வந்தா மிச்சத்தப் போடுவீங்களா?" என்று கேட்டார்.

"பெரட்டுல வந்து கேளுங்க" என்றேன்.

மகளைக் கொஞ்சியதாகச் சொல். முட்டி பரவாயில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா சீதாலெட்சுமி